காலையில் மூன்று வரி

ஷெட்டுக்கு வருகிறவர்களை நாங்கள் வண்டியை வைத்துத்தான் கூப்பிடுவோம். பச்சை வேன், கதவு இடித்த கார், புகை டெம்போ. ஆளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கமே எங்களுக்குள் கிடையாது. அந்த வழக்கப்படி அவர் எங்களுக்குச் ‘சாம்பல் கலர் மேடம்’. திண்டிவனத்தில் செஞ்சி சாலையில் என் ஷெட். அவர் மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து, ஊருக்குள் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை பார்த்தார். ஏழெட்டு வருடம் என்னிடம் வண்டி விட்டவர். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதப்போவதில்லை. அவர் செய்தது எதற்காகவும் இல்லை, நான் செய்ததற்காக.

சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. முழங்காலுக்கு மேல் வரை இரும்புப் பட்டையும் தோல்வாரும் வைத்த கேலிப்பர் போட்டிருப்பார். நடந்து வந்தால் ஷெட்டின் சிமெண்ட் தரையில் டக், டக் என்று தனியாகக் கேட்கும். கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் ஆட்டோமேட்டிக் கார். இரண்டு கை மாறி வந்த பழைய வண்டி. எங்கள் பக்கத்தில் அப்போது ஆட்டோமேட்டிக் என்பது ஓரிரண்டு டாக்டர் வீடுகளில் மட்டும்தான். ‘கொஞ்சம் அங்க வரைக்கும் வுட்டுடுங்க’ என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த வண்டி இருந்ததால்தான் அது முடிந்தது.

அவர் வண்டி எடுப்பதை நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்போம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். பானெட்டில் மூன்று தட்டு. சூட்டுக்காகப் பூனை கீனை உள்ளே ஏறிப் படுத்திருந்தால் இறங்கிப் போகட்டும் என்று கொஞ்சம் நிற்பார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, பட்டை போட்ட காலை ஒரு பக்கமாக நீட்டி, முடிந்த மட்டும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். அவர் நயினார் வீட்டுப் பெண், எங்கள் பக்கத்துச் சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார், கிழங்கு தொடமாட்டார், வடிகட்டாத தண்ணீர் குடிக்கமாட்டார். அதெல்லாம் அவர் வீட்டு வழக்கம், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பிஸியான நேரத்தில் ஒரு எறும்புக்காக ஒரு கார் நிற்கிறது என்றால் மெக்கானிக்குக் கோபம் வரத்தானே செய்யும்? எனக்கு வரும்.

எங்கள் ஷெட்டில் ஒரு பெண் நாய் இருந்தது. செவலை. யாரும் வளர்க்கவில்லை, தானாக வந்து தங்கியது. எந்த வண்டி நின்றாலும் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், எண்ணெய் சொட்டி முதுகில் கரும்புள்ளியாக இருக்கும். மேடம் வந்தால் செய்யும் முதல் விசாரணை என்னைப் பற்றி இருக்காது, “அது எங்க?” என்பதுதான். செவலை எங்கே இருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சீட்டில் உட்காருவார். “அதோ, டயர் கிட்ட கீது மேடம்” என்று எங்கள் டிங்கர் அண்ணன் சொன்னாலும் போதாது. நடந்து போய்ப் பார்ப்பார். நாங்கள் சொன்னதை நம்பாமல் இல்லை, பார்க்காமல் நகர்த்தக்கூடாது என்று வைத்திருந்தார்.

சொல்வதிலும் அப்படித்தான். பார்த்ததை மட்டும் சொல்வார். கூட்டிச் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த புதிதில் அவருடைய கவுண்டரில்தான் மாத்திரை வாங்குவேன். “போன மாசத்து மாத்திரை மிச்சம் இருக்குதா?” என்று கேட்டார். மாத்திரையில் பாதி வீட்டில் அலமாரியில் கிடந்தது. “இல்ல மேடம், கரெக்டா போட்டேன்” என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். “சரி. அடுத்த தடவ வரச் சொல்ல பழைய கவர எடுத்துக்கினு வாங்க” என்றார். பொய் என்று சொல்லவில்லை. நானும் கவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு மாதமும் அதே கேள்வி, அதே பதில்.

எலுமிச்சம்பழம் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு ஷெட்டில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஏற்றி நசுக்கி எடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வருடம் அவர் வண்டிக்கும் வைத்தேன். அவர் காலை மடக்க முடியாமல் மடக்கி, நான்கு பழத்தையும் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“இது நசுங்கறதுக்கா காய்ச்சிது?” என்றார். “நான் ஜூஸ் போட்டுக்கறேன்.”

டிங்கர் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூஜையில் வைத்ததை எடுக்கிறதா என்று மனசுக்குள் பொருமினேன். அதை மறக்கவும் இல்லை.

வண்டியில் கோளாறு என்று அவர் முதலில் வந்தது ஒரு தை மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காலை எட்டரைக்கு வந்தார்.

“காலையில கியர் லேட்டா புடிக்குது. ரெண்டு வரி ஆவுது.”

“வரியா?”

விளக்கினார். வண்டியில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே கியர் லீவரை முன்னால் ஓட்டுகிற டி-க்குத் தள்ளிவிட்டு, கிளம்புமுன் பஞ்ச மந்திரம் சொல்வது அவர் பழக்கம். ஐந்து வரி. முன்பெல்லாம் முதல் வரி ஆரம்பிக்கும்போதே கியர் பிடித்து வண்டி லேசாக ஒரு இழுப்பு இழுக்கும். இப்போது இரண்டாவது வரி முடிகிற வரைக்கும் ஒன்றுமே இல்லை, அப்புறம்தான் இழுக்கிறது.

“வண்டிக்கு மந்திரம் சொன்னா வண்டியும் நின்னு கேக்குது போல மேடம்” என்றேன். அவர் கோபப்படவில்லை. நான் சீட்டில் உட்கார்ந்து டி போட்டேன். உடனே பிடித்தது. ரிவர்ஸ் போட்டேன். உடனே பிடித்தது. வீட்டிலிருந்து அத்தனை தூரம் ஓடி வந்த வண்டி, சூடாக இருந்தது, பிடிக்காமல் என்ன செய்யும்?

“ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன்.

சித்திரையில் சர்வீஸுக்கு வந்தபோது அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆடியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஒரு மாத்திரைக் கவரை நீட்டினார். ஆஸ்பத்திரியில் காலை, மதியம், இரவு என்று எழுதித் தருவார்களே, அதே மாதிரி எழுதியிருந்தது: 3 – 0 – 2.

“காலையில எடுக்கச் சொல்ல மூணு வரி. ஓடி வந்தப்பறம் பூஜ்யம். சாயந்தரம் ஆஸ்பத்திரியில இருந்து எடுக்கச் சொல்ல ரெண்டு. தெனமும் இப்படித்தான். வூட்டு வாசல்ல தரையில செவப்பா ஒரு சொட்டு இருக்குது.”

“பழைய வண்டி மேடம். ஏதாவது ஒழுவும்.”

ஆனாலும் பானெட்டைத் திறந்து, இஞ்சினை நிறுத்திவிட்டு, கியர் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து விட்டுப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு நின்றது. “பாருங்க, ஃபுல்லு” என்று அவருக்கே காட்டினேன். அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நம்புகிறவர் ஆயிற்றே, தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

அப்போது ஒன்று சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. “கால் மெதுவா எடுத்திருப்பீங்க மேடம். அதான் லேட்டா தெரியுது.”

“பிரேக்குக்கு வலது கால்” என்றார் அவர். “அது நல்லாத்தான் இருக்குது.”

உண்மை என்னவென்றால், எனக்கு ஆட்டோமேட்டிக் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். கிளட்ச் வண்டி என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றுவேன். ஆட்டோமேட்டிக்கில் அதுவரை நான் தொட்டது இரண்டோ மூன்றோ. ‘எனக்குத் தெரியல மேடம்’ என்று நான்கு வார்த்தைகூட இல்லை, அதைச் சொல்ல வாய் வரவில்லை. விழுப்புரத்தில் ஒரு பாய் இருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் பல வருடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே இறக்கி ஏற்றியவர். அவர் நம்பர் என் போனில் இருந்தது. கேட்டால் என் கெத்து என்ன ஆவது?

மூன்றாவது தடவை வந்தபோது புரட்டாசி. நான்காவது வரி பாதியில் பிடிக்கிறது, பிடிக்கும்போது லேசாக உதைக்கிறது என்றார். பிறகு, அவராக, வீட்டு விஷயம் பேசினார். அது ஒன்றுதான் அவர் என்னிடம் பேசிய வீட்டு விஷயம்.

“எங்க அண்ணன் வண்டிய வித்துடுன்றாரு. ஆட்டோ பேசி வுடறேன்றாரு. அவரு சொல்றாருன்னு நான் வுட மாட்டேன். ஆனா வண்டி தானா பாயும்னா அப்பறம் நான் தொட மாட்டேன். வாசல்ல ஆடு கட்டியிருக்குது. பக்கத்து வூட்டு கொழந்த தவழ்ந்து வருது. நீங்க பாத்து அத மட்டும் சொல்லுங்க. பாயுமா, பாயாதா?”

அந்தப் பதிலில் அவர் வாழ்க்கை பாதி இருந்தது. அது எனக்குப் புரியாமல் இல்லை.

“பாயாது மேடம். நான் கியாரண்டி” என்றேன்.

அவர் சாவியைக் கையில் எடுத்தார். “என் பேச்ச நீங்க நம்ப வேணாம். நாளைக்கும் மறுநாளும் எனக்கு லீவு. வண்டி இங்கயே நிக்கட்டும். காலையில ஆறி இருக்கச் சொல்ல நீங்களே எடுத்துப் பாருங்க. முன்னால யாரும் நிக்க வேணாம்.” சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, செவலை எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, டக், டக் என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அவர் கேட்ட சோதனை அவ்வளவுதான். கருவி ஒன்றும் வேண்டாம், பணம் வேண்டாம். ஆறின வண்டியைக் காலையில் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது.

மறுநாள் ஆயுத பூஜை.

இரவெல்லாம் மழை. காலையில் ஷெட்டைக் கழுவி, கோலம் போட்டு, டூல்ஸையெல்லாம் வாழையிலையில் அடுக்கி வைத்தாயிற்று. அவர் சொன்னது சுத்தமாக மறந்துவிட்டது. மறக்காத ஒன்று அந்த எலுமிச்சம்பழம். இந்தத் தடவை பொறுக்கி எடுக்க ஆள் இல்லை பார் என்று நானே குனிந்து அவர் வண்டிக்கு நான்கு பழம் வைத்தேன். அற்பத்தனம்தான். என் மனைவி வண்டிக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டினாள். காற்று அடித்து அணையப்போனதால் தட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் ஒதுங்கினாள். நான் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து டி போட்டேன். பிரேக்கை விட்டேன்.

வண்டி நகரவில்லை.

டயருக்கு அண்டை கொடுத்த கல்லை எடுக்கவில்லை போல என்று நினைத்தேன். “கல்ல எடுங்கப்பா” என்று கத்தினேன். “எடுத்தாச்சுப்பா” என்றார் டிங்கர் அண்ணன். பூஜை நேரத்தில் வண்டி நின்றால் அபசகுனம் என்று என் மனைவி முகம் மாறியது. “ஜல்தி எடுங்க, கற்பூரம் அணையுது” என்றாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இஞ்சின் மட்டும் கத்தியது. இன்னும் மிதித்தேன். அப்போது கியர் பிடித்தது.

வண்டி பாய்ந்தது. பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் கேட்டைத் தொட்டுவிட்டது. கற்பூரத் தட்டோடு என் மனைவி நின்ற இடம் வண்டிக்குப் பின்னால் போயிருந்தது. வாசலில் சிந்திய பொரியைத் தின்றுகொண்டிருந்த செவலையின்மேல் முன் டயர் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம்தான் உயிர் இருந்தது. அது யாரையும் கடிக்க வரவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர்கள் போடும் இடத்துக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தோம். அன்றைக்கு யாரும் சுண்டல் சாப்பிடவில்லை. என் மனைவி மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: “நான் அங்கதாங்க நின்னுக்கினு இருந்தேன். அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்.”

மேஜை டிராயரைத் திறந்து அந்த மாத்திரைக் கவரைத் தேடி எடுத்தேன். 3 – 0 – 2. கோளாறு எப்போது வருகிறது, எப்போது வராது, எவ்வளவு நேரம், எல்லாம் அதில் இருந்தது. நான் எப்போதும் அந்தப் பூஜ்யத்தில் மட்டும் வண்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் விடிந்ததும், முன்னால் பின்னால் யாரும் வராதபடி கயிறு கட்டிவிட்டு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஆறின வண்டியை எடுத்தேன். டி, ஏழு எண்ணினேன். ரிவர்ஸ், அதிலும் ஐந்து. விழுப்புரத்துப் பாய்க்குப் போன் போட்டேன்.

“டி-லயும் லேட்டு, ரிவர்ஸ்லயும் லேட்டா?” என்றார். “அப்ப உள்ள ஒரு கிளட்ச்சு மட்டும் போச்சுன்னு சொல்ல முடியாது. எண்ணெ போய் சேரல. ஆயில் பாத்தியா?”

“ஃபுல்லு பாய்.”

“இஞ்சின் ஓடச் சொல்ல பாத்தியா, நிக்கச் சொல்ல பாத்தியா?”

“நிறுத்திட்டுத்தான் பாத்தேன்” என்றேன்.

“நிறுத்திட்டுப் பாத்தா எண்ணெ எல்லாம் கீழ எறங்கி நின்னுக்கினு ஃபுல்லுன்னுதான் காட்டும். அது இஞ்சின் ஆயில் பாக்கற பழக்கம், எல்லாரும் பண்ற தப்பு. இதுக்கு வண்டி சூடாவட்டும். எல்லா கியரும் ஒரு தபா போட்டு எடு, பார்க்குல வையி, ஓடிக்கினு இருக்கச் சொல்லவே குச்சிய உருவிப் பாரு.”

பார்த்தேன். குச்சியின் நுனியில்கூட எண்ணெய் இல்லை. அந்தக் கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். எண்ணெய் குறைந்தால், லீவரைப் போட்ட பிறகு அழுத்தம் ஏறும் வரை கியர் பிடிக்காது. அந்த இடைவெளியில் பொறுமை இல்லாமல் ஒருவன் மிதித்தால், பிடிக்கிற நொடியில் அத்தனை வேகமும் சேர்ந்து இறங்கும். கசிவு ரேடியேட்டருக்குப் போகிற குழாயின் மூட்டில் இருந்தது. சுண்டுவிரல் மோதிரம் அளவு ரப்பர் வளையம், வெடித்திருந்தது. வீட்டு வாசலில் செவப்பாக ஒரு சொட்டு என்றாரே, அது. வளையத்தை மாற்றி, அதற்குரிய எண்ணெயை ஊற்ற எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அதற்கடுத்த நாள் மாலை நான்கு மணிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். நான் விழுந்து விழுந்து விளக்கினேன். எண்ணெய், குழாய், வளையம், “முதல் வரி வாயெடுக்கறதுக்குள்ள புடிக்குது மேடம்” என்று எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டில் மூன்று தட்டு. குனிந்து பார்த்தார்.

“அது எங்க?”

“எங்கயாவது சுத்தப் போயிருக்கும் மேடம்.”

மாத்திரைக்குச் சொன்ன அதே குரலில் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். “வரட்டும். பாத்துட்டு எடுக்கறேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. அவர் வீடு போய்ச் சேர்ந்து பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். டிங்கர் அண்ணன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்ரஸரையும் நிறுத்தினார். சத்தமே இல்லாமல் போய்விட்டது. மேடம் சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாய் வரும் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தாரா, தெரிந்துகொண்டு காத்திருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

வெயில் சுவர்மேல் ஏறியபோது என்னால் முடியவில்லை.

“மேடம், அது வராது” என்றேன். பூஜையன்று நடந்ததை எல்லாம் சொன்னேன். எலுமிச்சம்பழம் வைத்ததையும் விடவில்லை.

நான் முடிக்கிற வரை கேட்டார். “எத்தன வரி?”

“எண்ணல மேடம். எண்ணவே இல்ல.”

“எங்க?”

கூட்டிக்கொண்டு போனேன். பழைய டயர்களுக்கும் துருப்பிடித்த தகரங்களுக்கும் நடுவில் அந்தக் காலை வைத்து நடப்பது சுலபம் இல்லை. கை கொடுத்தேன், பிடித்துக்கொள்ளவில்லை. புதுமண் தெரிந்த இடத்தில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக அந்த மந்திரத்தைச் சொன்னார். ஐந்து வரி. அப்போதுதான் அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நேரம் என் மனைவி அந்த வண்டிக்கு முன்னாலேயே நின்றிருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தப்பு என்னுது மேடம்” என்றேன்.

“வண்டி என்னுது. அத வுட்டுட்டுப் போனது நானு” என்றார். “உங்களுது உங்களுக்கு. என்னுது எனக்கு.”

சாவியை எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது, நம்பி எடுக்கலாம் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். “இருக்கட்டும்” என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். உயரமான படிக்கட்டு உள்ள பஸ் ஒன்று வந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை ஏற்றிவிட்டார்கள். கேட்கவே கேட்காதவரை அப்படி ஏற வைத்தவன் நான்.

அதற்கப்புறம் பத்து நாள் பஸ்ஸில்தான் வந்தார், ஒரு வேளைதான் சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற அம்மா சொன்னார்கள். செவலை செத்ததைச் சொன்னேன்; ஒரு நாய்க்காகவா என்று அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் பத்து நாளும் நான் விடியற்காலையில் ஷெட்டுக்குப் போய், கயிறு கட்டி, ஆறின வண்டியை எடுத்துப் பார்த்தேன். சாயந்தரமும் பார்த்தேன். பத்தாம் நாள் ஒரு பழைய மாத்திரைக் கவரின் பின்பக்கம் எழுதிக்கொண்டு அவர் கவுண்டர் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் கவரை நீட்டினேன். 0 – 0 – 0.

“காலையில நீங்களே எடுத்தீங்களா?”

“ஆமா மேடம். பத்து நாளும்.”

“முன்னால?”

“யாரும் இல்ல. கயிறு கட்டியிருந்தேன்.”

கவரை மடித்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். “மாத்திரை மிச்சம் இருக்குதா?”

“இருக்குது மேடம்” என்றேன். “பாதி போடல. எந்த மாசமும் முழுசா போட்டதில்ல.”

“சரி” என்று புதுக் கவரில் எழுதிக் கொடுத்தார். அன்று மாலை வந்து, சுற்றிப் பார்த்து, தட்டி, குனிந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். “அது எங்க?” என்று கேட்கும் இடத்தில் ஒரு நொடி நின்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகும் நான்கைந்து வருடம் ஓட்டினார். ஆயுத பூஜைக்கு இப்போதும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், என் மனைவி விடமாட்டாள். ஆனால் ஆட்டோமேட்டிக் எதுவாக இருந்தாலும், வாசலில் கயிறு கட்டி, டி போட்டுப் பிரேக்கிலேயே கால் வைத்து அந்த ஐந்து வரி நேரம் உட்கார்ந்திருப்பேன். நான் சாமி கும்பிடுகிறேன் என்று புது ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த மந்திரம் தெரியாது, அதன் நீளம்தான் தெரியும்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன வருடம். வலது காலும் பலம் குறைந்துபோய், வேலையையும் வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டிருந்தார். அவருடைய அண்ணன் ஓட்டிக்கொண்டு வர, அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஆயில் பார்க்க வந்திருந்தார்கள். இஞ்சினை ஓடவிட்டுத்தான் பார்த்தேன், அவரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அண்ணன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“இருங்கண்ணா” என்றார் அவர். கதவைத் திறக்கப் போனார். கால் எழும்பவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். பானெட்டில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு நின்றேன். தரையில் கை ஊன்றிப் படுத்து, நான்கு டயருக்கும் அடியில் முழுக்கப் பார்த்தேன். எழுந்து அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தேன்.

“ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன்.

என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“எடுங்கண்ணா” என்றார்.